நீலம் பாய்ந்த கல்

அத்தியாயம் 4

எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். அன்று காலை பூவரசந்துறைத் திடலின் நடுவில் நின்றபோது, பேக்கரியில் சுட்ட ஒரு முழுப் பாணையும் சம்பலோடு விழுங்கக்கூடிய பசி எனக்கு.

பக்கத்தில் நின்ற பத்மாசினி அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். அன்று அவர் கதைத்தது அவருக்கே கேட்டிருக்குமோ தெரியாது. மானிப்பாயில் சைக்கிள் கடை ஒன்றின் மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர் அவர். நான் அவருடைய உதவியாளன், றஞ்சித். ஸ்கூட்டர் ஓட்டுவது, வாய் காட்டுவது, அடி விழும்போது முன்னால் நிற்பது, இவை மூன்றும் என் வேலை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

எங்களைக் கூப்பிட்டவர் யதுசன். கனடாவில் பிறந்து வளர்ந்தவர். அங்கே நன்றாக உழைத்து, இங்கே பூட்டன் அம்பலவாணர் உடையாரின் பெயரால் ஏதாவது கட்டவேண்டும் என்று வந்திருந்தார். பார்க்க நல்ல பிள்ளை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், கெட்டவன் என்றால் வைதுவிட்டுப் போகலாம்.

"பாருங்கோ அன்ரி, என்ன செய்து வைச்சிருக்கினம் எண்டு."

அன்ரி என்ற சொல்லுக்கு அக்காவின் புருவம் ஒரு தடவை ஏறி இறங்கியது. பிறகு குனிந்து பார்த்தார்.

மரப்பெட்டி ஒன்றின்மேல் ஒரு கல் படுத்திருந்தது. வெளிறிய சுண்ணாம்புக் கல், ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்கமுடியாத கனம். மேல்முகத்தில் எழுத்து வெட்டியிருந்தது: இத்திடல் அம்பலவாணர் உடையார் அவர்களால் பூவரசந்துறை மக்களுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. அந்த முகம் முழுவதும் திட்டுத் திட்டாக நீலம்.

இந்தக் கல் ஏன் பெரிய விசயம் என்று சொல்லவேண்டும். தொண்டைமானாற்றுப் பாலம் கடந்து வல்வெட்டித்துறைப் பக்கம் போகிற கரையோரப் பாதையில் இருக்கிறது இந்தச் சின்னப் பட்டினம். அதற்கு ஒரேயொரு பந்தடித் திடல். யாருடைய தயவால் திடல் வந்தது என்பதற்கு இரண்டு கதை. கடற்கரைச் சனம், நாங்கள் வாங்கினோம் என்றது. உடையார் குடும்பம், நாங்கள் கொடுத்தோம் என்றது. காணி உறுதியும் அதைப் பதிந்த கந்தோரும் சண்டைக் காலத்தில் எரிந்து போய்விட்டன. பிறகு ஆமி வந்து திடலில் குந்தியது. கோல் வாசலில் பங்கர். ஆமி போன பிறகு மண்மூட்டைகளைத் தோளில் சுமந்து வெளியே போட்டு, புல்லு நட்டு, தண்ணீர் ஊற்றி, திரும்பவும் திடலாக்கியது கடற்கரைச் சனம். நான் வல்வெட்டித்துறைப் பெடியன், அந்தப் புல்லில் எதிரணிக்கு விளையாடி முழங்கால் தேய்த்தவன். எனக்குத் தெரியும்.

இப்போது நகரசபை அதை அரங்காக மாற்றப் போகிறது. யதுசனின் காசு, அவருடைய பெரியப்பா கனகரத்தினத்தின் தலைமையில் ஒரு குழு. பழைய பார்வையாளர் மண்டபத்தை இடிக்கும்போது பெக்கோ இயந்திரம் கிளறிய மண்ணுக்குள் இந்தக் கல் கிடைத்ததாம். அதோடு இரண்டு கதையில் ஒன்று செத்தது. கொடுத்த குடும்பத்துக்கே திடலை நிர்வகிக்கும் உரிமை என்று சபை சொல்லிவிட்டது. அன்று பின்னேரம் திடலில் போடும் பந்தலில் சபைத் தவிசாளர் கையெழுத்து வைத்தால், திடல் உடையார் நிதியத்தின் கைக்குப் போகும். செயற்கைப் புல்லு, மணிக்கணக்கில் வாடகை, கடற்கரைப் பக்கம் கடைத்தொகுதி. பின்னேரங்களில் அங்கே பழகுகிற கழகங்களுக்கு இடம் உண்டா என்று கேட்டவர்களுக்கு, ஆவன செய்யப்படும் என்று பதில். ஆவன என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கையை எதிலாவது குத்தவேண்டும் போலிருக்கும்.

"நேற்றுக் கல்லுக்குப் பூசை செய்தனாங்கள். ஐயர் பாலும் தண்ணியும் ஊத்திக் கழுவேக்கை கல்லு நல்லாத்தான் இருந்தது. இரவு மழை. விடிய வந்து பாத்தால் இப்பிடி" என்றார் யதுசன். "நீல ஜேர்சி போடுறது ஒரு கழகம்தான். அலைமகள். அதின்ரை தலைவி தர்சினி எங்களுக்கு எதிரா நோட்டீஸ் எல்லாம் ஒட்டினவ. கல்லு என்ரை எண்டு போட்டு, பெரியப்பா பொலிஸிலை முறைப்பாடு குடுத்திட்டார். நீங்கள் ஆதாரம் எடுத்துத் தந்தால் காணும்."

"ஆதாரம் எடுத்துத் தாறன்" என்றார் அக்கா. "ஆருக்கு எதிரா எண்டதை ஆதாரம்தான் சொல்லும்."

இடித்த மண்டபத்தின் கடைசிப் படிகளில் ஒரு பெண் தனியாக இருந்தாள். கையில் சப்பாத்து, கண்ணில் நெருப்பு. அவள்தான் தர்சினி என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. யதுசன் போன் கதைக்க அப்பால் போனதும் நாங்கள் அவளிடம் போனோம்.

"நீங்கள் அவையின்ரை ஆக்களோ?" என்றாள்.

"அவை கூப்பிட்ட ஆக்கள். அவையின்ரை ஆக்கள் இல்லை" என்றேன் நான்.

"ரண்டும் ஒண்டுதான்."

"கல்லுக்குச் சாயம் பூசினீரோ?" அக்கா நேரே கேட்டார்.

"பூசுறதெண்டால் ஏன் சாயம்? அலவாங்கு இருக்கு. தூளாக்கியிருப்பன்." அவள் சப்பாத்தைக் கீழே போட்டாள். "விசர் பிடிக்குது அக்கா. எங்கடை ஆக்களின்ரை பெடியளைப் பள்ளிக்கூட மைதானத்துக்குள்ளை விடாத காலம் ஒண்டு இருந்தது. அப்பதான் எங்கடை வள்ளக்காரர் இதை வாங்கினவை. கரைக்கு வாற ஒவ்வொரு வள்ளமும் கோயிலுக்குப் பங்கு வைக்கிற மாதிரி, திடலுக்கெண்டு மீனிலை ஒரு பங்கு வைக்கும். அப்பிடிச் சேர்த்து வாங்கின நிலம். இப்ப ஒரு கல்லைக் கொண்டுவந்து, பிச்சை போட்டனாங்கள் எண்டினம்."

"முறைப்பாட்டாலை உமக்கு என்ன நட்டம்?"

அவள் கீழே கிடந்த சப்பாத்தை எடுத்தாள். குரல் இறங்கியிருந்தது. "தேசிய அணித் தெரிவுக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டிருக்கினம். பொலிஸ் வழக்கு இருந்தால் எடுக்கமாட்டினம். விடிய கனகரத்தினம் ஐயா வந்தவர். பின்னேரம் பந்தலிலை எழும்பி நிண்டு, திடல் உடையார் தந்ததுதான் எண்டு கழகத்தின்ரை பேரிலை சொன்னால் முறைப்பாட்டைத் திருப்பி எடுத்துவிடுவாராம்."

"என்ன சொன்னீர்?"

"துப்பினன்."

அக்காவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. எனக்கு அவள் துப்பியபோதே பிடித்துவிட்டது, அதைக் காணக் கிடைக்கவில்லை என்பதுதான் கவலை.

திரும்பவும் கல்லடிக்கு வந்தோம். அக்கா தன் கைலேஞ்சியை எடுத்துத் தண்ணீர்ப் போத்தலில் நனைத்து, நீலத் திட்டொன்றின்மேல் அழுத்தித் துடைத்தார். லேஞ்சியில் மெல்லிய நீலம் ஏறியது. கல்லில் இருந்த நீலம் குறையவில்லை. ஈரம் பட்ட இடத்தில் இன்னும் கூடியது.

"றஞ்சித், ஒரு கல்லிலை மேலையிருந்து சாயம் ஊத்தினால் அது எங்கை போய்த் தேங்கும்?"

"பள்ளத்திலை."

"இந்த முகத்திலை ஆழமான பள்ளம் எது?"

"வெட்டின எழுத்துத்தான்."

"எழுத்துக்குள்ளை பார்."

பார்த்தேன். முகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. உளி இறங்கிய பள்ளங்களில் மட்டும் ஒரு துளி நீலம் இல்லை. அம்பலவாணர் உடையார் வெள்ளை வெளேரென்று இருந்தார்.

"ஊத்தின சாயம் பள்ளத்தைப் பாத்து விலகிப் போகுமோ?" அக்காவின் குரல் நன்றாகத் தாழ்ந்துவிட்டது. "எழுத்துக்கு மேலை நீலம் விழேல்லை. நீலத்துக்கு மேலைதான் எழுத்து விழுந்திருக்கு. கல்லுக்குள்ளை கன வருசமா ஊறின நீலம். உளி அதை வெட்டிக்கொண்டு புதுக் கல்லுக்குப் போயிருக்கு. மேலை சேறு பூசிப் பழசாக்கியிருப்பினம். ஐயர் சேற்றைக் கழுவினார், மழை நீலத்தைக் கிளப்பினது."

"அக்கா, கன வருசமா நீலத்திலை ஊறுற கல்லு எங்கை இருக்கும்?"

அவர் லேஞ்சியை என் மூக்கடியில் பிடித்தார். பழைய சவர்க்கார மணம். கல்லின் நடுவில் வழுவழுப்பான ஒரு தாழ்வு இருப்பதும், ஒரு பக்கம் சரிந்திருப்பதும் அப்போதுதான் என் கண்ணில் பட்டன. வெள்ளை வேட்டிக்கும் பள்ளிக்கூடச் சட்டைக்கும் நீலம் போட்டுப் பிழிந்து அடிக்கிற கல். யாரோ ஒருவர் வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்த கல்லை அத்திவாரக் கல் என்று சொல்லி, அதற்குப் பாலும் ஊற்றியிருக்கிறார்கள். அந்த நீலத்தைக் கண்டு சதி என்று பொலிஸுக்கு ஓடியதும் அதே ஆட்கள்தான். கனடாவில் மெஷினில் தோய்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது தெரிய நியாயமில்லை. ஆனால் பெரியப்பாவுக்கு?

"ஊரிலை இருக்கிற கிணத்தடியெல்லாம் போய்க் கல்லு இருக்கோ எண்டு பாக்கவேணுமோ?" என்று கேட்டேன். "அக்கா, பெண்கள் உடுப்புத் தோய்க்கிற நேரம் நான் எட்டிப் பாத்தால் கேசை முடிக்க நான் இருக்கமாட்டன்."

அந்த நேரம் கார் ஒன்று வந்து நின்றது. கனகரத்தினம் இறங்கினார். நெற்றியில் விபூதி, தோளில் சால்வை, கண் கூசும் வெள்ளை வேட்டி. அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, கனக்கத் துருவத் தேவையில்லை. உவள்தான் செய்தவள் எண்டு ஒரு கடதாசி எழுதித் தாரும். காணும்."

"எழுதலாம் ஐயா. வேட்டி நல்ல வெள்ளையா இருக்கு. எங்கை தோய்க்கக் குடுக்கிறியள்?"

"வேட்டியைப் பற்றிக் கதைக்கவோ வந்தனீர்?"

"சும்மா கேட்டன்" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "ஸ்கூட்டரை எடு" என்றார்.

நான் எடுத்தேன். பாதைக்கு ஏறிய பிறகுதான் கேட்டேன், எங்கே போகிறோம் என்று.

"கனகரத்தினம் வீட்டுக்கு. அவரின்ரை வேட்டிக் கரையிலை சின்னதா ஒரு சிவப்புத் துணி குத்தியிருந்தது, கண்டனியோ? லோண்டறிக்காரர் இலக்கம் எழுதிக் குத்துற துண்டு. கழட்ட மறந்து கட்டிக்கொண்டு வந்திட்டார். உடையார் வீட்டு வேட்டி வெளியிலை தோய்க்கப் போனதெண்டு நீ எப்பவாவது கேள்விப்பட்டனியோ? வேட்டி வெளியிலை போகுதெண்டால் வீட்டிலை தோய்க்க ஏதோ ஒண்டு இல்லை."

எனக்குப் பசி போய்ச் சந்தோசம் வந்தது. சந்தோசம் வந்தாலும் எனக்குப் பசிக்கும் என்பது வேறு கதை.

வீட்டு வாசலில் கூப்பிட்டோம். கிணற்றடியிலிருந்து பதில் வந்தது. கனகரத்தினத்தின் மனைவி ஞானாம்பிகை அம்மா சீமெந்துத் தரையில் குந்தியிருந்து படுக்கை விரிப்பு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எழும்பும்போது இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றினார்.

"ஆர் நீங்கள்?"

"திடல் விசயமா வந்தனாங்கள், அம்மா. நான் பத்மாசினி. துப்பறியிற வேலை. உங்கடை மகன்முறைப் பெடியன் யதுசன்தான் கூப்பிட்டவர்."

"திடலோ?" அவர் விரிப்பைப் பட்டென்று வாளிக்குள் எறிந்தார். "அந்தத் திடலாலைதான் எனக்கு இந்தக் கேடு. பாருங்கோ இதை. பாருங்கோ."

கிணற்றுக் கட்டோடு ஒட்டி, செங்கல்லால் கட்டிய ஒரு மேடை. அதன் மேல்பக்கம் பேர்த்த சீமெந்தும் வெறும் பள்ளமும்.

"நிண்டபடி தோய்க்கிற கல்லு. ரண்டு மேசன்மாரைக் கொண்டுவந்து, சீமெந்தோடை பேர்த்து ஏத்திக்கொண்டு போட்டார். கல்லுக்கு என்ன செய்யப் போறியள் எண்டு கேட்டால், குடும்ப கௌரவமாம். கௌரவத்தை நான் எங்கை அடிச்சுத் தோய்க்கிறது? முழங்கால் ஏலாது எனக்கு. போம், உம்மடை வேட்டியை லோண்டறியிலை குடும் எண்டு சொல்லிப்போட்டன். புது மெஷின் வாங்கித் தாறன் எண்டவர், இன்னும் வரேல்லை."

"அம்மா, இந்தக் கல்லு உங்கடை மாமா மாமி காலத்துக் கல்லோ?"

"இல்லைப் பிள்ளை. அந்தக் கல்லு துலைஞ்சு போச்சு. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வரேக்கை வீட்டிலை கதவு நிலை ஒண்டுமில்லை. கிணத்தடிக் கல்லையும் ஆரோ கொண்டு போட்டினம். அப்ப இவர்தான் எங்கையோ இருந்து ட்றக்டர் பெட்டியிலை இதைக் கொண்டுவந்து பதிச்சவர். அதிலையும் பாருங்கோ, மனுசன்ரை புத்தியை. நான் பாக்க முந்தி, விளிம்பைத் தடவினாலே தெரியிற வழுவழுப்பான பக்கத்தைக் கீழை போட்டிட்டு, கரடுமுரடான பக்கத்தை மேலை வைச்சு அப்பிடியே சீமெந்து போட்டிட்டார். தோய்க்கிற துணியெல்லாம் கிழிஞ்சுது. நான் அடிச்சு அடிச்சுத்தான் அது வழுவழுப்பா வந்தது. ஏன் இப்பிடிச் செய்தனீங்கள் எண்டால், உனக்கு உது விளங்காது எண்டார்."

அக்கா குனிந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். "விளங்குது அம்மா" என்றார் பிறகு. "பின்னேரம் ஆராவது கேட்டால் இதையெல்லாம் சொல்லுவியளோ?"

"நான் பந்தலுக்கு வரமாட்டன். வாசலுக்கு வந்து ஆர் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவன். எனக்கென்ன பயம்."

போகும்போது அக்கா குனிந்து அந்த விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தார். நான் மறு முனையைப் பிடித்தேன். மூன்று பேருமாகப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் வந்தோம்.

பின்னேரம் திடலில் பந்தல் நிறைந்திருந்தது. முன்வரிசைக் கதிரைகளில் சால்வைகள். பின்னால் நின்றபடி கடற்கரைச் சனம். அவர்களுக்குக் கதிரை போடவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. அலைமகள் பெட்டைகள் நீல ஜேர்சியோடு ஒரு கரையில் நின்றார்கள். இரண்டு பொலிஸ்காரர் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல்லுக்குப் பட்டு போர்த்தி மேசைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

தவிசாளர் பேனையைத் திறந்த நேரம் அக்கா மேடையில் ஏறினார். ஒலிவாங்கியைக் கேட்கவில்லை. குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் பந்தல் முழுவதும் வாயை மூடிக்கொண்டது.

"யதுசன் தம்பி, ஆதாரம் கேட்டனீங்கள். இந்தாங்கோ." பட்டை இழுத்துக் கீழே போட்டார். எழுத்துக்குள் நீலம் இல்லை என்பதைக் காட்டினார். கிணற்றடியில் எடுத்த படத்தைத் தொலைபேசியில் காட்டினார். "இது அத்திவாரக் கல்லில்லை. உங்கடை பெரியப்பா வீட்டு உடுப்புத் தோய்க்கிற கல்லு. உங்கடை பெரியம்மாவைக் கேளுங்கோ. இந்தப் பெட்டை சாயம் பூசேல்லை. பூசினது உங்கடை வீட்டு வேட்டிகள்."

பின்னால் சனம் சிரித்தது. நான் பெரிதாகவே சிரித்தேன். யதுசனின் முகம் வெளிறியது. கேஸ் முடிந்தது என்று நினைத்து, நான் தேத்தண்ணீர் எங்கே கொடுக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன்.

கனகரத்தினம் எழும்பினார். ஒரு பதற்றமும் இல்லை.

"ஓம். தோய்க்கிற கல்லுத்தான்" என்றார். "உடையார் வைச்ச கல்லு ஆமிக் காலத்திலை துலைஞ்சு போச்சு. அதுக்குப் பதிலா நான் ஒரு கல்லு செய்விச்சன். மண்ணுக்குள்ளை கண்டெடுத்தம் எண்டு சொன்னது சனத்துக்கு ஒரு உற்சாகத்துக்கு. அது பிழையெண்டால் மன்னிப்புக் கேக்கிறன். முறைப்பாட்டையும் எடுக்கிறன். ஆனால் கல்லுப் புதுசெண்டால் சரித்திரம் பொய்யாகுமோ? திடலை உடையார்தான் தந்தவர். இல்லையெண்டு காட்ட உங்களிலை ஆரிட்டையாவது என்ன இருக்கு?"

பந்தலில் சிரிப்பு நின்றது. காட்ட ஒன்றுமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எரித்தவர்களும் எரியவிட்டவர்களும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. பொய் சொல்லிப் பிடிபட்டவன் மன்னிப்பு என்ற ஒரு சொல்லோடு நிமிர்ந்து நின்றான். உண்மை சொன்ன சனம் வாய் திறக்க வழியில்லாமல் நின்றது. தவிசாளர் திரும்பவும் குனிந்து பேனையைப் பிடித்தார்.

"முறைப்பாட்டை எடுத்தாச்சு, பிள்ளை. இனி என்ன?" என்றார் கனகரத்தினம், தர்சினியைப் பார்த்து. கொழும்புக்குப் போக அவளுக்கு வழி திறந்திருந்தது. அவள் போகவில்லை. நின்ற இடத்தில் நின்றாள்.

"ஐயா, ஒரு கேள்வி" என்றார் அக்கா. "கல்லைப் பதிக்கேக்கை வழுவழுப்பான பக்கத்தைக் கீழை போட்டனீங்களாம். தோய்க்கிற கல்லுக்கு வழுவழுப்பான பக்கமெல்லோ மேலை இருக்கவேணும். ஏன் கவிட்டுப் போட்டனீங்கள்?"

கனகரத்தினம் கல்லைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் அவர் முகத்தில் இல்லாத ஒன்று அப்போது வந்தது.

"அது... அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ட்றக்டர் பெட்டியிலை எங்கையிருந்து கொண்டுவந்தனீங்கள் ஐயா?"

அக்கா என்னைப் பார்த்தார். நானும் இன்னும் இரண்டு பேரும் கல்லைப் பிடித்துப் புரட்டினோம். பின்பக்கம் முழுவதும் பழைய சீமெந்து, பாண் தடிப்புக்கு. கிணற்றுக் கட்டிலிருந்து பேர்த்தபோது ஒட்டிக்கொண்டு வந்தது அப்படியே இருந்தது. பேர்த்த மேசன்மாருக்கும் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை.

தர்சினி பந்தல் காலடியில் கிடந்த அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உவளைத் தொட விடாதேங்கோ" என்று கத்தினார் கனகரத்தினம். "சேதப்படுத்தினால் வழக்கு. பொலிஸ், பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

பொலிஸ்காரர் ஓரடி எடுத்துவைத்தார்கள். யதுசன் அவர்களுக்கு முன்னால் போய் நின்றார்.

"முறைப்பாட்டிலை கல்லு என்ரை எண்டுதானே எழுதியிருக்கு, பெரியப்பா? என்ரை கல்லெண்டால் நான் சொல்லுறன். அடியுங்கோ."

அவள் அடித்தாள். முதல் அடியில் சீமெந்து வெடித்தது. பிறகு அவள் நிறுத்தவேயில்லை. துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. அக்கா குனிந்து லேஞ்சியால் தூசியைத் துடைத்தார். உள்ளே பளபளவென்று இழைத்த கல், அதில் ஆழமாக வெட்டிய எழுத்து. முதலில் வாசித்தது யதுசன். கனடாவில் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், எழுத்தெழுத்தாகத்தான் வந்தது.

"இத்திடல்... பூவரசந்துறை வள்ளங்களின்... பங்கிலிருந்து வாங்கப்பட்டது. எவரும்... தானமாகத் தந்ததன்று."

ஒருவரும் கைதட்டவில்லை. பின்னால் நின்ற ஒரு மனுசி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதார். அந்தக் காலத்திலேயே யாரோ வந்து, நாங்கள் தந்தது என்று சொல்லியிருக்கவேண்டும். இல்லையென்றால் கல்லில் அப்படி வெட்டியிருக்கமாட்டார்கள்.

"திடல் ஆமியிட்டைப் போன நேரம் கல்லைக் கிளப்பிக்கொண்டு போட்டியள்" என்றார் அக்கா. "உடைச்சு எறிஞ்சிருக்கலாம். அதுக்கும் மனம் வரேல்லை, நல்ல கல்லெல்லோ. இவையின்ரை எழுத்தை மண்ணைப் பாக்கக் கவிட்டுப் போட்டு, அதுக்கு மேலை இவ்வளவு வருசமும் உங்கடை அழுக்கை அடிச்சியள்."

கனகரத்தினம் சால்வையைச் சரிசெய்தார். "நான் எடுக்காட்டி ஆமி பங்கருக்குப் போட்டிருக்கும். கல்லைக் காப்பாத்தினது நான்" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் அடிக்கக் கை வந்தது. அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார்.

தவிசாளர் பேனையை மூடிப் பொக்கற்றில் வைத்தார். தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது என்று பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொன்னார். இன்று கையெழுத்து இல்லை, இனி எது செய்தாலும் கழகங்களோடு கதைத்துத்தான் என்று ஒலிவாங்கியில் அறிவித்தார். முன்வரிசைச் சால்வைகள் ஒவ்வொன்றாகக் காருக்குப் போயின. கனகரத்தினம் போகும்போது யதுசனைக் கூப்பிட்டார். யதுசன் போகவில்லை.

பந்தல் வெறிச்சோடிய பிறகு அவர் தர்சினியிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"எனக்கு இது தெரியாது. உண்மையா. நாளைக்கு ஒரு மேசனைக் கூட்டிவந்து, பூட்டன்ரை பேர் இருக்கிற பக்கத்தை இழைச்சு அழிச்சுவிடுறன். உங்கடை எழுத்து மட்டும் இருக்கட்டும்."

தர்சினி கல்லைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்டையும் அழிக்கவேண்டாம்" என்றாள். "வாசலிலை கிடங்கு வெட்டி நிமித்தி நடுவம், ரண்டு முகமும் தெரியிற மாதிரி. உள்ளுக்கு வாற சனம் நாங்கள் வாங்கினதை வாசிக்கட்டும். வெளியிலை போகேக்கை நீங்கள் பறிக்கப் பாத்ததையும் வாசிச்சிட்டுப் போகட்டும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. கையிலிருந்த அலவாங்கை அவர் பக்கம் நீட்டினாள்.

"கிடங்கை நீங்கள் வெட்டுங்கோ."